எஃப்.எஸ்.ஐ. ஏறியும் வீட்டு விலை ஏன் இறங்கல? பழைய ஃப்ளாட்டை இடிச்சுக் கட்டும் முன் பார்க்க வேண்டிய கணக்கு!

சென்னையில் முப்பது, நாற்பது வருஷப் பழைய அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. கார் நிறுத்துற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு அசோசியேஷன் கூட்டம் நடக்கும். "பக்கத்துத் தெருவுல பழைய பில்டிங்கை இடிச்சு, பெரிய வீடா இலவசமா கட்டித் தர்றாங்களாம். கட்டி முடிக்கிற வரைக்கும் வாடகையும் பில்டரே தர்றாராம். நமக்கு மட்டும் ஏன் சார் ஒருத்தரும் வரல?" என்று ஒருவர் கேட்பார். "அரசாங்கம்தான் எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டியிருக்கே, வருவாங்க" என்று இன்னொருவர் சமாதானம் சொல்வார். இதற்குள் மழைத் தண்ணீர் ஒழுகும் மேல் மாடிக்காரருக்குப் பொறுமை போயிருக்கும்.

இதே நேரத்தில், முதல் வீடு வாங்க வங்கிக் கடனுக்கு அலையும் ஒரு குடும்பம் வேறொரு கேள்வி கேட்கும். "ஒரே மனையில் கூடுதலா கட்டலாம்னு விதியை மாத்தியாச்சுன்னா, வீட்டு விலை குறையணும்தானே? ஏன் ஏறிக்கிட்டே போகுது?"

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். இரண்டுக்கும் விடை ஒரே கணக்கில் இருக்கிறது. பில்டர்கள் தினமும் போடும் கணக்கு அது. ஃப்ளாட் உரிமையாளர்களில் பலர் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காத கணக்கும் அதுதான். வாங்க, பார்க்கலாம்.

எஃப்.எஸ்.ஐ. என்றால் என்ன? எவ்வளவு மாறியிருக்கிறது?

எஃப்.எஸ்.ஐ. என்பதைத் தமிழில் தளப்பரப்பு குறியீடு என்கிறார்கள். சிம்பிளா சொன்னா, உங்கள் மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டடம் கட்டலாம் என்பதுதான் அது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனைக்கு எஃப்.எஸ்.ஐ. 1.5 என்றால் எல்லா மாடிகளையும் சேர்த்து 3,600 சதுர அடி கட்டலாம். எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் 4,800 சதுர அடி.

சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு நீண்ட காலமாக 1.5 தான் இருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இது 2 ஆனது. 18.3 மீட்டர், அதாவது சுமார் 60 அடி உயரம் வரையிலான கட்டடங்கள் இந்த வகையில் வரும். அதற்கு மேல் போனால் உயரமான கட்டடம். அதற்கு, முன்னால் 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால் 3.25 வரை அனுமதி உண்டு.

இது போதாது என்றால் அரசுக்குக் கட்டணம் கட்டி 'பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.' வாங்கலாம். இதற்கும் சாலை அகலம்தான் அளவுகோல். 9 மீட்டர் சாலை என்றால் 30 சதவீதம், 12 மீட்டர் என்றால் 40 சதவீதம், 18 மீட்டருக்கு மேல் என்றால் 50 சதவீதம் கூடுதலாகக் கட்டலாம்.

காகிதத்தில் பார்த்தால் பெரிய தாராளம். அதே நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வீடு கிடைக்க வேண்டும். ஆனால் அனுமதி கிடைத்தது என்பதற்காக யாரும் வீடு கட்டுவதில்லை. கட்டினால் கட்டுப்படியாக வேண்டும். இங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது.

பில்டர் கணக்கு எங்கே தொடங்குகிறது?

'நிலம் இவ்வளவு, கட்டுமானம் இவ்வளவு, லாபம் இவ்வளவு, ஆக விலை இவ்வளவு' என்றுதான் பில்டர் விலை வைக்கிறார் என நாம் நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். அந்த ஏரியாவில் ஒரு சதுர அடி என்ன விலைக்குப் போகும் என்பதை முதலில் பார்ப்பார்கள். அதிலிருந்து கட்டுமானச் செலவு, அனுமதிக் கட்டணம், வட்டி, விளம்பரம், லாபம் எல்லாவற்றையும் கழிப்பார்கள். கடைசியில் எது மிஞ்சுகிறதோ, அதுதான் நிலத்துக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை.

ஓர் உதாரணம் போடுவோம். இதிலும் இனி வரும் கணக்குகளிலும் உள்ள தொகைகள் புரிந்துகொள்வதற்காக மட்டுமே. எந்த ஏரியாவின் சந்தை நிலவரமும் அல்ல. சூப்பர் பில்ட்-அப், பொது இடம் போன்ற நுணுக்கங்களையும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

நான்கு கிரவுண்டு மனை, அதாவது 9,600 சதுர அடி. அந்த ஏரியாவில் புது ஃப்ளாட் சதுர அடி 11,000 ரூபாய். கட்டுமானம் 3,500, அனுமதி, வட்டி, விற்பனைச் செலவு எல்லாம் சேர்த்து 1,500, பில்டர் லாபம் 2,000. கழித்தால் மிச்சம் 4,000 ரூபாய்.

• எஃப்.எஸ்.ஐ. 1.5 என்றால் 14,400 சதுர அடி கட்டலாம். நிலத்துக்குத் தரக்கூடியது 5 கோடியே 76 லட்சம். ஒரு கிரவுண்டுக்கு 1 கோடியே 44 லட்சம்.

• எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் 19,200 சதுர அடி கட்டலாம். நிலத்துக்குத் தரக்கூடியது 7 கோடியே 68 லட்சம். ஒரு கிரவுண்டுக்கு 1 கோடியே 92 லட்சம்.

கவனித்தீர்களா? எஃப்.எஸ்.ஐ. ஏறியதும் நிலத்தின் மதிப்பு கிரவுண்டுக்கு 48 லட்சம் ஏறிவிட்டது. ஃப்ளாட் விலை? அதே 11,000. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. விதி மாற்றத்தின் பலன் முழுவதும் நிலத்துக்காரர் கைக்குப் போய்விட்டது.

பில்டர் ஏன் விலையைக் குறைக்கவில்லை? அவர் குறைக்க நினைத்தாலும் முடியாது. இன்னொரு பில்டர் கிரவுண்டுக்கு 1.92 கோடி தரத் தயாராக நிற்கும்போது, பழைய விலைக்கு நிலம் யார் தருவார்? விதி மாறும் முன்பே நிலம் வாங்கிப் போட்டவருக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடிக்கும். புதிதாக வாங்குபவர் ஏறிய விலையில்தான் வாங்க வேண்டும்.

அப்படியானால் எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டுவதே வீணா? இல்லை. கூடுதல் வீடுகள் போதுமான எண்ணிக்கையில், போதுமான இடங்களில் வந்தால் அந்த 11,000 என்ற விற்பனை விலையே இறங்க ஆரம்பிக்கும். ஆனால் அப்படி வருகிறதா என்பதுதான் கேள்வி. வராமல் இருக்கச் சில காரணங்கள் இருக்கின்றன.

மாடி ஏற ஏறச் செலவும் ஏறும்

'எஃப்.எஸ்.ஐ. 3.25 தர்றாங்க, 2 எதுக்கு?' என்று தோன்றும். ஆனால் உயரமான கட்டடம் என்றாலே வேறு ரகம். அதிக ஆழ அஸ்திவாரம், அடித்தள பார்க்கிங், கூடுதல் லிஃப்ட், தீயணைப்பு ஏற்பாடுகள், கூடுதல் துறைகளின் அனுமதி, நீண்ட கட்டுமான காலம். அத்தனைக்கும் காசு.

அதே 11,000 ரூபாய் ஏரியாவில் உயரமான கட்டடம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கட்டுமானம் 4,500, மற்ற செலவு 2,000, ரிஸ்க் அதிகம் என்பதால் லாபம் 2,200. மிச்சம் 2,300. இதை 3.25-ஆல் பெருக்கினால் ஒரு சதுர அடி நிலத்துக்கு 7,475 ரூபாய். ஆனால் எஃப்.எஸ்.ஐ. 2-ல் சாதாரணக் கட்டடம் கட்டினால் கிடைத்தது 8,000. ஆக, அனுமதி 60 சதவீதத்துக்கு மேல் கூடியும் நிலத்துக்குக் கிடைப்பது குறைகிறது. அந்த அனுமதியை யார் பயன்படுத்துவார்கள்?

அதே ஏரியாவில் ஃப்ளாட் விலை 15,000 என்றால் கதை மாறும். சாதாரணக் கட்டடத்தில் மற்ற செலவு 2,000, லாபம் 2,700 போனால் நிலத்துக்குச் சதுர அடிக்கு 13,600 கிடைக்கும். உயரமான கட்டடத்தில் மற்ற செலவு 2,500, லாபம் 3,000 போனாலும் 16,250 கிடைக்கும். இப்போது பில்டர் உயரத்துக்குப் போவார். வானுயர டவர்கள் என்றாலே கோடிக்கணக்கில் விலை சொல்லும் வீடுகளாக இருப்பதன் ரகசியம் இதுதான். விலை அதிகமான இடத்தில்தான் உயரம் கட்டுப்படியாகும்.

புறநகரில் என்ன நடக்கிறது?

நகரத்தின் ஓரத்துக்குப் போவோம். அங்கே ஃப்ளாட் சதுர அடி 5,500 என்று வைத்துக்கொள்வோம். சிமென்ட், கம்பி, கூலி எல்லாம் கிட்டத்தட்ட அதே விலைதான். ஊருக்கு வெளியே என்று யாரும் சிமென்ட்டைப் பாதி விலைக்குத் தருவதில்லை. ஆகவே கட்டுமானம் 3,500, மற்றவை 800, லாபம் 1,000. மிச்சம் 200 ரூபாய். எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் நிலத்துக்குச் சதுர அடிக்கு 400 ரூபாய். ஒரு கிரவுண்டுக்கு 9 லட்சத்து 60 ஆயிரம்.

அதே நிலத்தை லே-அவுட் போட்டு, சதுர அடி 2,000 ரூபாய்க்கு மனையாக விற்றால் கிரவுண்டுக்கு 48 லட்சம். சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போகப் பார்த்தாலும் ஃப்ளாட்டைவிட மனைதான் லாபம். தாம்பரத்தையோ செங்குன்றத்தையோ தாண்டிப் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் கல் நட்ட மனைகள் தெரிவது இதனால்தான். அங்கே எஃப்.எஸ்.ஐ.யை 2-லிருந்து 4 ஆக்கினாலும் பெரிதாக எதுவும் மாறாது. மிச்சமே இல்லாத இடத்தில் மடங்கு எத்தனை இருந்து என்ன பயன்?

40 அடி மனையில் 46 அடி செட்பேக்!

இன்னொரு சிக்கல், மனையின் அளவு. உயரமான கட்டடத்துக்கு 30 மீட்டர் உயரம் வரை நான்கு பக்கமும் 7 மீட்டர் காலி இடம் விட வேண்டும் என்கிறது விதி. 7 மீட்டர் என்றால் சுமார் 23 அடி. சென்னையின் வழக்கமான ஒரு கிரவுண்டு மனை 40-க்கு 60 அடி. இரு பக்கமும் 23 அடி விட்டால் 46 அடி. மனையின் அகலமே 40 அடிதான்!

இந்த இடைவெளி தேவையில்லாத விதி அல்ல. தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றி வர அந்த இடம் வேண்டும். ஆனால் அதன் விளைவு என்ன? உயரமான கட்டடம் என்ற சலுகை, பெரிய மனையும் அகலமான சாலையும் உள்ள இடங்களுக்கு மட்டுமே. மேற்கு மாம்பலம், பெரம்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளின் குறுகிய தெருக்களுக்கு அது எட்டாக்கனி. சின்ன மனைக்காரர்கள் நாலைந்து பேர் ஒன்று சேர்ந்தால் முடியும். ஆனால் ஒன்று சேர்வதற்குள், கடைசியாகக் கையெழுத்துப் போடுபவர் கேட்கும் விலையில் திட்டமே கவிழ்ந்துவிடும்.

உங்கள் பழைய ஃப்ளாட்டுக்கு வருவோம்

இப்போது அசோசியேஷன் கூட்டத்துக்குத் திரும்பலாம். பக்கத்துத் தெருவுக்கு வந்த பில்டர் உங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை?

முதல் கட்டடம்: நான்கு கிரவுண்டில் 12 ஃப்ளாட், ஒவ்வொன்றும் 700 சதுர அடி. மொத்தம் 8,400 சதுர அடி. அந்தக் காலத்தில் அனுமதித்த அளவுக்குக்கூடக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். இன்றைய எஃப்.எஸ்.ஐ. 2-ல் 19,200 சதுர அடி கட்டலாம். விற்பனை விலை அதே 11,000.

• உரிமையாளர்கள் ஆளுக்கு 900 சதுர அடி கேட்டால், அவர்களுக்கு 10,800 போய்விடும். பில்டர் விற்பதற்கு 8,400 சதுர அடி. வரவு 9 கோடியே 24 லட்சம். மொத்தக் கட்டடத்தையும் கட்ட 6 கோடியே 72 லட்சம். 12 குடும்பங்களுக்கு மாதம் 25,000 வீதம் 30 மாத வாடகை 90 லட்சம். விற்கும் பரப்புக்குச் சதுர அடிக்கு 1,500 வீதம் மற்ற செலவு 1 கோடியே 26 லட்சம். மிச்சம் வெறும் 36 லட்சம். மூன்று வருஷம் உழைத்து 4 சதவீத லாபம் பார்க்க எந்த பில்டரும் வரமாட்டார்.

• ஆளுக்கு 750 சதுர அடி என்று ஒப்புக்கொண்டால், பில்டர் விற்பது 10,200 சதுர அடி. வரவு 11 கோடியே 22 லட்சம், செலவு 9 கோடியே 15 லட்சம். மிச்சம் 2 கோடியே 7 லட்சம், அதாவது 18 சதவீதம். திட்டம் ஓடும்.

ஆக, ஒரு வீட்டுக்கு 150 சதுர அடிதான் திட்டம் நடக்குமா நடக்காதா என்பதையே தீர்மானிக்கிறது. பேச்சுவார்த்தையில் இழுபறி வருவது இந்த 150 சதுர அடியில்தான்.

இரண்டாவது கட்டடம்: அதே நான்கு கிரவுண்டு. ஆனால் அப்போதே 1.5 எஃப்.எஸ்.ஐ.யை முழுசாகப் பயன்படுத்தி, 720 சதுர அடியில் 20 ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். மொத்தம் 14,400. இன்று 19,200 கட்டலாம். ஒரு சதுர அடிகூடக் கூட்டித் தராமல் பழைய அளவையே திருப்பிக் கொடுத்தாலும், பில்டர் விற்பதற்கு 4,800 சதுர அடிதான் மிஞ்சும். வரவு 5 கோடியே 28 லட்சம். கட்டுமானச் செலவு மட்டுமே 6 கோடியே 72 லட்சம். கடையைத் திறக்கும் முன்பே நஷ்டம்.

பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கினால்? 40 சதவீதம் கூட்டினால் 26,880 சதுர அடி. விற்பதற்கு 12,480. வரவு சுமார் 13 கோடியே 73 லட்சம். கட்டுமானம், 20 குடும்பங்களின் வாடகை, மற்ற செலவுகள் சேர்த்து 12 கோடியே 78 லட்சம். மிச்சம் 95 லட்சம். இதிலிருந்துதான் பில்டர் லாபமும் வர வேண்டும், அரசுக்கான பிரீமியம் கட்டணமும் கட்ட வேண்டும். நடக்காது.

இப்போது புரிகிறதா? ஒரே ஏரியா, ஒரே சாலை, ஒரே விதி. ஒரு கட்டடத்துக்கு பில்டர் வரிசையில் நிற்கிறார், இன்னொன்றை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வித்தியாசம் ராசியில் இல்லை. பழைய கட்டடத்தில் எவ்வளவு எஃப்.எஸ்.ஐ. மிச்சம் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

ஃப்ளாட் பெரிசாகும், மண் பாதியாகும்

கணக்கில் சட்டென்று கண்ணில் படாத ஒன்று இருக்கிறது. யு.டி.எஸ். என்று சொல்லும், நிலத்தில் உங்களுக்குரிய பிரிக்கப்படாத பங்கு.

முதல் கட்டடத்தில் 12 பேருக்கு 9,600 சதுர அடி நிலம். ஆளுக்கு 800. புதுக் கட்டடத்தில் உங்கள் 750 சதுர அடி வீட்டுக்கான பங்கு 375 சதுர அடிதான். மீதி நிலம் புதிதாக வாங்குபவர்களுக்குப் போகிறது. பில்டர் வீட்டை 'இலவசமாக' கட்டித் தருகிறார் என்பது பேச்சு வழக்கு. உண்மையில் உங்கள் நிலத்தில் பாதிக்கு மேல் விற்றுத்தான் அந்த வீட்டைக் கட்டிக்கொள்கிறீர்கள்.

இது தப்பான பேரம் என்று சொல்ல வரவில்லை. ஒழுகும் கூரைக்கும் துருப்பிடித்த கம்பிக்கும் மாற்றாகப் பாதுகாப்பான வீடு கிடைப்பது பெரிய விஷயம். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததை மறந்திருக்க மாட்டோம். குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. ஆனால் இன்னும் முப்பது, நாற்பது வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகள் அந்தப் புதுக் கட்டடத்தை இடித்துக் கட்ட நினைத்தால், அப்போது விற்பதற்கு மிச்ச எஃப்.எஸ்.ஐ. இருக்காது, பங்குதாரர்களும் அதிகம் இருப்பார்கள். இந்த வாய்ப்பு பெரும்பாலும் ஒரு தடவைதான் வரும்.

முன்பெல்லாம் ஒரே ஓர் உரிமையாளர் மறுத்தாலும் மறுகட்டுமானம் நின்றுவிடும். இதற்குத் தீர்வாகத்தான் 1994-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022-ல் நிறைவேறி, 2024-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது அது. சட்டம் கையெழுத்துச் சிக்கலைத் தீர்க்கும். கட்டுப்படியாகாத கணக்கை அது தீர்க்காது.

வட்டி என்ற நான்காவது பார்ட்னர்

நிலத்துக்காரர், பில்டர், அரசு என்று மூன்று பேர் மட்டும் இந்தக் கணக்கில் இல்லை. நான்காவதாக வட்டி உட்கார்ந்திருக்கிறது.

10 கோடி ரூபாய் கடன், 12 சதவீத வட்டி என்றால் மாதம் 10 லட்சம். பிளான் அப்ரூவல் எட்டு மாதம் தாமதமானால் 80 லட்சம் வட்டியாகவே போய்விடும். நம் 19,200 சதுர அடிக் கட்டடத்தில் அது சதுர அடிக்கு 400 ரூபாய்க்கு மேல். இதை யார் தருவார்? கடைசியில் வீடு வாங்குபவர் அல்லது நிலத்துக்காரர். விதியில் எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டுவதைப் போலவே, கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு வேகமாக நகர்வதும் வீட்டு விலையைப் பாதிக்கும் விஷயம்தான்.

ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. 2025 பிப்ரவரியில்தான் குறைக்க ஆரம்பித்தது. இடைப்பட்ட காலத்தில் எஃப்.எஸ்.ஐ. அப்படியே இருந்தும், பில்டர் கடன், வீட்டுக் கடன் இரண்டும் கனத்தன. வரியும் இப்படித்தான். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, ஆனால் சிமென்ட், கம்பிக்குக் கட்டிய வரியை பில்டர் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் சிமென்ட்டுக்கான வரி 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நேரடியாகக் கட்டுமானச் செலவில் தெரியும்.

குறைந்த விலை வீடுகளுக்கு 1 சதவீதம்தான் ஜி.எஸ்.டி. ஆனால் அதற்கு 2019-ல் வைத்த விலை வரம்பு 45 லட்சம். சதுர அடி 11,000 விற்கும் ஏரியாவில் 45 லட்சத்துக்கு 410 சதுர அடிகூட வராது.

ஆக்லாந்தில் மட்டும் எப்படி வேலை செய்தது?

விதியை மாற்றி வீடுகள் பெருகிய ஊர் ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து. அங்கே 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குக் கூடுதலாகக் கட்டும் அனுமதி கொடுத்தார்கள். அடுத்த சில வருஷங்களில் புது வீடுகளுக்கான அனுமதிகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. விதி மாறாமல் இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய அளவைவிட வாடகை குறைவாக இருப்பதாக ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ரகசியம் இரண்டு. ஒன்று, சில சாலைகளுக்கு மட்டும் இல்லாமல் ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். கூடுதல் அனுமதி உள்ள நிலம் எங்கும் கிடைத்தால், 'என்கிட்ட மட்டும்தான் இருக்கு' என்று எந்த நிலத்துக்காரரும் விலையை ஏற்ற முடியாது. இரண்டு, அங்கே அதிகம் வந்தவை டவர்கள் இல்லை. ஒரே மனையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய இரண்டு, மூன்று மாடி வீடுகள். லிஃப்ட் இல்லை, அடித்தளம் இல்லை. அதனால் நடுத்தர விலைக்கும் கட்டுப்படியானது.

அங்கேயும் மத்திய வங்கி வட்டியை 2021-ல் இருந்த 0.25 சதவீதத்திலிருந்து 2023-ல் 5.5 சதவீதம் வரை ஏற்றியபோது அனுமதிகள் சரிந்தன. விதி அப்படியே இருந்தது. கணக்குதான் மாறியது.

சென்னையில் நாம் செய்வது பெருமளவு இதற்கு நேர்மாறு. பெரிய சலுகைகள் அகலமான சாலைகளுக்கும் பெரிய மனைகளுக்குமே போகின்றன. அப்படிப்பட்ட நிலம் குறைவு. குறைவாக இருப்பதால் சலுகையின் மதிப்பு உடனே நில விலையில் ஏறிக்கொள்கிறது. அதற்காக 20 அடித் தெருவில் எல்லாம் ஐந்து மாடி கட்டச் சொல்ல முடியாது. குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் அதைத் தாங்க வேண்டும். எஃப்.எஸ்.ஐ.யைக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவிடலாம். கழிவுநீர்க் குழாயை அப்படி அகலப்படுத்த முடியாது.

அரசு கட்டணத்தைக் குறைக்கலாமா?

பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது கட்டுமானத் துறையின் வழக்கமான கோரிக்கை. இதில் இரண்டு பக்கம் இருக்கிறது. கட்டணம் மிச்சத்தைவிட அதிகமாக இருந்தால், நம் இரண்டாவது கட்டடம் போல, திட்டமே நடக்காது. அரசுக்கும் பைசா வராது. ரொம்பக் குறைத்தால், போட்டி இருக்கும் ஏரியாவில் அந்தப் பணம் வீடு வாங்குபவருக்குப் போகாமல் நில விலையில் போய்ச் சேரும்.

ஆகவே எல்லா இடத்துக்கும் ஒரே அளவுகோல் என்பது சரிப்படாது. காலி நிலத்தில் டவர் கட்டுவதும், இருபது குடும்பங்கள் வசிக்கும் பழைய கட்டடத்தை மறுபடி கட்டுவதும் ஒன்றல்ல. முதலாவதில் நிலத்துக்காரருக்குப் போகும் லாபத்தில் ஒரு பங்கை அரசு வாங்கலாம். இரண்டாவதில் வாங்குவதற்கு மிச்சமே இல்லை. அங்கே கட்டணத்தை விட்டுக்கொடுத்தால் ஆபத்தான கட்டடம் ஒன்று குறையும்.

இந்தக் கணக்கில் பெயரே வராத ஒருவரும் இருக்கிறார். பழைய ஃப்ளாட்டில் வாடகைக்கு இருப்பவர். உரிமையாளருக்குப் புது வீடு, இடைக்கால வாடகை எல்லாம் உண்டு. வாடகைக்காரருக்கு நோட்டீஸ் மட்டும்தான். பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் பக்கத்தில் குறைந்த வாடகைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த வீடு போய், அதே இடத்தில் இரு மடங்கு வாடகை கேட்கும் வீடு வரும்.

இனி என்ன கவனிக்க வேண்டும்?

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காக வைத்துப் போட்டது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. மறுபக்கம் 118.9 கிலோமீட்டர் நீள இரண்டாம் கட்ட மெட்ரோ. ரயில் நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டருக்குள் அடர்த்தியாகக் கட்ட வேண்டும் என்பது 2017-லேயே வந்த தேசியக் கொள்கை. வரப்போகும் மாற்றங்களைப் பற்றிச் செய்தி வரும்போது 'எஃப்.எஸ்.ஐ. எவ்வளவு?' என்பதோடு நிறுத்தாமல், 'எத்தனை தெருக்களுக்கு? எந்த அளவு மனைகளுக்கு? தண்ணீரும் வடிகாலும் எப்போது?' என்றும் கேளுங்கள். வீட்டு விலையை இறக்கும் வாய்ப்பு இந்தக் கேள்விகளின் பதிலில்தான் இருக்கிறது.

உங்கள் அசோசியேஷன் கூட்டத்துக்கு முன் இவற்றைச் செய்துவிடுங்கள்:

• பழைய அனுமதி வரைபடத்தை எடுங்கள். கட்டியிருக்கும் மொத்தப் பரப்பை மனைப் பரப்பால் வகுங்கள். விடை 1-க்குக் கீழே என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 1.5-ஐ நெருங்கினால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

• வீட்டு முன் சாலையின் அகலத்தை அளந்து பாருங்கள். 9, 12, 18 மீட்டர் என்ற எல்லைகள் முக்கியம்.

• பத்திரத்தில் உங்கள் யு.டி.எஸ். எவ்வளவு, புதுக் கட்டடத்தில் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

• கூடுதல் சதுர அடிக்குப் பேரம் பேசும் முன், நாம் போட்டது போல வரவு செலவைப் போட்டுப் பாருங்கள். கணக்குக்கு மீறி வாக்குக் கொடுக்கும் பில்டரிடம்தான் அதிக எச்சரிக்கை தேவை. பாதியில் பணம் தீர்ந்தால் உங்களுக்குப் பழைய வீடும் இருக்காது, புது வீடும் இருக்காது.

• கட்டி முடிக்கும் தேதி, தாமதமானால் வாடகை தொடர்வது, வங்கி உத்தரவாதம், ரெரா பதிவு ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பக்கத்துத் தெருவுக்கு பில்டர் வந்தாரே என்று வருத்தப்பட வேண்டாம். வந்த பில்டர் நல்லவர் என்றும் அர்த்தமில்லை, வராதவர் கெட்டவர் என்றும் அர்த்தமில்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்திருக்கிறார். கையெழுத்துப் போடும் முன் நீங்களும் அதைப் போட்டுப் பாருங்கள்.